அவர் நீட்டிய விரல்

தேர்தல் பணிக்குக் கல்வராயன் மலை என்றால் எங்கள் கள்ளக்குறிச்சி ஆசிரியர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். நான் கேட்டு வாங்குவேன். அதற்குக் கிடைக்கும் படிப்பணம் எங்கள் சர்ச் முதியோர் இல்லத்துக்கு.

சில தேர்தல்களுக்கு முன் எனக்கு விரலில் மை வைக்கும் வேலை. வரிசையில் ஒரு பண்ணைக்காரர் வந்தார். இல்லத்துக்கு அரிசி கேட்டுப் போன என்னை, "இன்னா டீச்சர், கையேந்திக்கினு வந்துட்டீங்க?" என்று வாசலோடு அனுப்பியவர்.

"கைய நீட்டுங்க" என்றேன். நகத்தருகே ஒரு கோடு போதும். நான் விரல் முழுக்க இழுத்தேன்.

"இன்னாங்க, இவ்ளோ ஜாஸ்தி?" என்று பதறினார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கையில் கவிழ்க்க, மணல் கிண்ணத்தில் நட்டிருந்த மைக்குப்பியையே பிடுங்கினேன். அது வழுக்கி என் கையிலேயே கொட்டியது. ஒரு மாதம் கரிய கையோடு பாடம் நடத்தினேன்.

இப்போதெல்லாம் குப்பியை மணலைவிட்டு எடுப்பதில்லை. மலை டூட்டியை மட்டும் விடவில்லை. அவர் இன்னும் அங்கேதான் ஓட்டுப் போடுகிறார்.