நோட்டுகளுக்கு நடுவே இரண்டு புள்ளி

போன வாரம் என் மகள் குடும்பப் படம் ஒன்றைப் போனில் காட்டினாள். படத்தின் நடுவே எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து. எழுத்து தெரியவேண்டுமே என்று அதற்குப் பின்னால் வெள்ளைப் பட்டை போட்டிருந்தாள். பட்டைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் வலது கை காணாமல் போயிருந்தது.

"எடுடி அந்த வெள்ளைய!"

நான் போட்ட சத்தத்தில் போனைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னாம்மா, பைத்தியம் புட்ச்சிக்கிச்சா?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

டிப்ளமா முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் தளப்படம் போடுகிற வேலை. தூண், மெஷின், குழாய், கரண்ட் கேபிள் என்று கோட்டின் மேல் கோடு. அதற்கு மேல் 'இங்கே துளை', 'இங்கே உடை' என்று நாங்கள் எழுதுகிற குறிப்பு, எங்கள் பேச்சில் நோட்டு. அந்தக் காட்டுக்குள் எந்த எழுத்தைப் படிப்பது? தலைமை டிராஃப்ட்ஸ்மேன் தேவராஜ் சார், தாளைச் சுருட்டி மேஜையில் அடிப்பார். கோபம் முற்றினால் முகத்திலேயே வீசுவார். ஒருநாள் தாளின் விளிம்பு என் இமையைக் கீறி ரத்தம் வந்துவிட்டது. "இத்த எவன் படிப்பான், உங்கப்பனா?" எனக்கும் வாய் நீளம்தான். ஆனால் அன்றைக்குப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த ஆத்திரத்தில்தான் மாஸ்க்கைக் கண்டுபிடித்தேன். நோட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டம். அடியில் ஓடும் கோடுகளை மறைத்து எழுத்தைப் பளிச்சென்று காட்டும். எல்லா நோட்டுக்கும் போட்டேன். அதோடு விட்டேனா? அழகாக இருக்கட்டும் என்று நோட்டுகளை ஒரே வரிசையில் அடுக்கினேன். தேவராஜ் சார் முதல்முறையாகத் தாளைச் சுருட்டாமல் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது புது பிரஸ் மெஷினுக்காகத் தரையை உடைக்கிற படம். உடைப்பவர் ஏழுமலை அண்ணன், கவரைப்பேட்டைக்காரர். கான்கிரீட் தூசியில் அவர் புருவம் எப்போதும் வெளுத்திருக்கும். பிரிண்டோடு என் மேஜைக்கு வந்தார்.

"எழுத்து சூப்பரா கீது தங்கச்சி. நோட்டுங்களுக்கு நடுவுல குட்டியா ரெண்டு புள்ளி கீதே, அது இன்னா?"

பக்கத்துச் சீட்டுக்காரியோடு ஏதோ சினிமாக் கதை பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரிண்டர் அழுக்குண்ணா. நீங்க போய் ஒடைங்க."

அரைமணி நேரத்தில் வெடித்தது. ஆபீஸ் கண்ணாடி அதிர்ந்து, விளக்குகள் அணைந்தன. ஓடிப் போய்ப் பார்த்தேன். கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மெஷின் தரையில் குத்தியபடி நின்றது. ஏழுமலை அண்ணன் பத்தடி தள்ளிக் கிடந்தார். சட்டை உடம்போடு ஒட்டிப் புகைந்தது. வலது கை முழங்கைவரை கரி. அந்த நாற்றத்துக்குப் பிறகு நான் கறி வாங்குவதில்லை. அவர் ஓலமிட்டது இன்னும் காதில் இருக்கிறது. என் நோட்டு வரிசைக்கு நேர் அடியில் கேபிள் கோடு ஓடியிருந்தது. மாஸ்க் விழுங்கியது போக மிஞ்சியதுதான் அந்த இரண்டு புள்ளி.

அன்று சாயங்காலமே என்னை மாஸ்க்கையெல்லாம் எடுக்கவைத்துப் புதுப் பிரிண்ட் போட்டு ஃபைலில் சொருகினார் தேவராஜ் சார். "கோடு படத்துல கீது. அவன்தான் பாக்கல. புரிதா?" தலையாட்டினேன். தரை உடைத்த ஷெட்டிலிருந்து வந்த பழைய பிரிண்டை என் கையாலேயே கிழித்துப் போட்டேன். தப்பு ஏழுமலை மேல் என்று எழுதி, அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு போனேன். வராந்தாவில் அவர் மனைவி செல்வி பளாரென்று கன்னத்தில் விட்டாள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "கம்பெனிக்காரி, அவரு கையத் திருப்பிக் குடுடி!" வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. கம்பெனிப் பெண் என்பதற்காகத்தான் அடித்தாள். விஷயம் தெரிந்து அடித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது அந்த ஷெட் ஏதோ ஒரு குடோன். தேவராஜ் சாரும் உயிரோடு இல்லை. தளப்படத்தைத் தாளில் பிரிண்ட் போடுவதே குறைந்துவிட்டது.

போன வருடம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் தங்கச்சி. அந்த ரெண்டு புள்ளி, மெய்யாலுமே அழுக்குதானா?"

ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

போன மாதம் ஏழுமலை அண்ணனும் போய்விட்டார்.