நாலாவது கியரில் வரும் லைட்

திருமூர்த்தி வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. மிக்ஸி, வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர், துவைக்கும் மெஷின் என்று அவர் பிரித்துப் பூட்டிய ஒவ்வொன்றிலும் மிஞ்சியவை. ஏன் மிஞ்சின என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறது.

"கம்பெனிக்காரன் எப்பவுமே நாலு சேத்தித்தான் போடுவான். நமக்கு வேணுங்கறத நாம போட்டாப் போதும்."

மிக்ஸி அதற்குப் பிறகு சட்னி அரைக்கும்போதெல்லாம் மேடையில் நகர்ந்து நகர்ந்து அடுப்புவரை வந்துவிடுகிறது. அவர் மனைவி சாந்தாமணி ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுவிட்சைத் திருப்புகிறாள். அங்கேரிபாளையத்து வீட்டில் இருபது வருஷமாக இப்படித்தான் சட்னி.

பதினைந்து வயதில் ஊத்துக்குளிப் பக்கமிருந்து திருப்பூருக்குக் கைமடி வேலைக்கு வந்தவர் திருமூர்த்தி. டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து மடித்துக் கொடுக்கிற வேலை. ஒரு தீபாவளி நெருக்கத்தில் ஓவர்லாக் மெஷின் ஒன்று நின்றுபோனது. மெக்கானிக் வரவில்லை. இவர் ஊசியை மாற்றிப் போட்டார், மெஷின் ஓடிவிட்டது. முதலாளி முதுகில் தட்டி, "நீ பெரிய ஆளுடா" என்றார். அன்றைக்கு அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் சாந்தாமணியின் வாழ்க்கை இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடிப்பதில்லை. சொந்தமாகச் சின்ன பனியன் யூனிட் வைத்து, வேலை செய்கிறவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். அங்கே டாக்டருக்கு எந்த மருந்து எழுத வேண்டும் என்று சொல்லியும் கொடுக்கிறார். ஐம்பத்து மூன்று வயதாகிறது. இதுவரை தன்னைத் தவிர வேறு யாருக்கும் ஒரு வேலை உருப்படியாகத் தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

கார் பத்து வருஷத்து டீசல் வண்டி. அதைச் சாந்தாமணியும் ஓட்டுவாள். நாற்பத்தாறாவது வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினாள். "நானே சொல்லித் தரமாட்டனா?" என்று அவர் கேட்டதற்கு, "வேண்டாமுங்க" என்று சொன்னது அவள் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. சேவூரில் அவள் அப்பா எழுதிவைத்த ஒன்றரை ஏக்கர் காட்டில் பீர்க்கங்காய்ப் பந்தல் போட்டிருந்தாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் காய் பறிக்க வேண்டும். குப்பாயியும் இன்னும் மூன்று பெண்களும் ஏழு மணிக்கு வருவார்கள். அந்நேரம் சாந்தாமணி அங்கே இல்லை என்றால் பக்கத்துக் காட்டுக்காரர் கையைக் காட்டி அவர்களைக் கூப்பிட்டுக்கொள்வார். பீர்க்கங்காய்க்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் தள்ளினால் முற்றி, நாரோடிப்போகும், முதுகு தேய்க்கத்தான் ஆகும்.

காரில் போனால் ஏழுக்கு முன்னால் காட்டில் இருக்கலாம். இரண்டு பஸ் மாறிப் போனால் எட்டரை ஆகும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி காரின் ஏர் ஃபில்டரை மாற்ற உட்கார்ந்தார். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மொபைலில் ஒரு வீடியோ பார்த்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. ஃபில்டர் டப்பாவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகிற தடித்த ரப்பர் பைப்பைக் கழற்றினார். பனியன் யூனிட்டில் எந்த மெஷினைப் பிரித்தாலும் திறந்த வாயில் கட்டிங் வேஸ்ட்டைச் சுருட்டி அடைத்துவிடுவார்கள், பஞ்சு உள்ளே போகாமலிருக்க. அவர் யூனிட்டில் இது சட்டம், மீறினால் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில், குழந்தைகள் டீ-ஷர்ட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய டைனோசர் பிரிண்ட் துணி ஒரு கைப்பிடியைச் சுருட்டிப் பைப்பின் வளைவுவரை திணித்தார். புது ஃபில்டரை வைத்தார். டப்பாவைத் துடைத்தார். பைப்பைத் திரும்ப மாட்டிக் கிளிப்பை இறுக்கினார்.

துணியை எடுக்கவில்லை.

மறுநாள் சாந்தாமணி சேவூருக்குப் போகும்போது, திருமுருகன்பூண்டி தாண்டி ரோடு அகலமாகிற இடத்தில், மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"நேத்தைக்கு நீங்க தொறந்தீங்கல்லங்க, அதுல ஏதோ..."

"நான் தொறந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அது வேற சிஸ்டம்."

ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வரவழைத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் மொபைலில் கோளாறு என்னவென்று காட்டுகிற கருவி. எஞ்சினுக்குள் போகிற காற்றை அளக்கிற சென்சார் 'காற்றுக் குறைவு' என்று சொல்வதாக அது காட்டியது. திருமூர்த்தி உடனே முடிவுக்கு வந்தார். சென்சார் கெட்டுவிட்டது. யூனிட்டில் துணியின் எண்ணெய்க் கறையைப் போக்குகிற ஸ்பாட் கன்னைக் கொண்டுவந்து சென்சார் மேல் பீய்ச்சினார். லைட் வந்தது. புதுச் சென்சார் வாங்கி மாட்டினார். அப்போதும் வந்தது.

அதற்குமேல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி தன்னிடம் இருக்கும் நாளில் காலையில் ஸ்கேனரைச் செருகி லைட்டை அழித்துவிட்டு யூனிட்டுக்குப் போவார். மூன்று கிலோமீட்டர் தூரம், காலை நெரிசலில் இரண்டாவது கியரைத் தாண்ட வேலையில்லை. லைட் வராது. சாந்தாமணி சேவூருக்கு எடுத்துப்போகும் நாளில் வரும். ஒரு வாரம் இப்படிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். அப்போது அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஓட்டுனா லைட்டு வர்றதில்ல. நீ ஓட்டுனா வருது. என்னன்னு நீயே சொல்லு."

"மூணாவது கியர் வரைக்கும் வர்றதில்லீங்க. பூண்டி தாண்டி நாலு போட்டு அமுத்துனாத்தான் வருது. வண்டியும் இழுக்க மாட்டேங்குது."

"அப்ப நாலு போடாத."

"நாலு போடாம சேவூர் எப்படிங்க போறது?"

"கிளச்சுல கால வெச்சுட்டே ஓட்டுற. எஞ்சின் தெணறுது. மிசினு பொய் சொல்லாது சாந்தா. மனுசந்தான் சொல்லுவான்." சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி பண்ணற வரைக்கும் நீ எடுக்க வேண்டாம்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இரண்டு வாரம் பஸ்ஸில் போனாள். முதல் வாரம் குப்பாயி காத்திருந்தாள். இரண்டாவது வாரம் இரண்டு தடவை பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டாள். பந்தலில் காய்கள் முழங்கை நீளத்துக்குத் தொங்கின. பறித்து மாட்டுக்குப் போட்டார்கள்.

சாந்தாமணியின் பெரியப்பா மகன் குமாரவேலுக்கும் சேவூரில் காடு உண்டு. அதுவரை அவள் காரிலேயே போய் வந்துகொண்டிருந்த அவரும் பஸ்ஸில் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி குடித்து முடித்ததும் பேச்சை எடுத்தார்.

"ஏனுங்க மாப்ள, நீங்க ஓட்டுனா லைட்டே வராதாமா?"

"வராதுங்க மச்சான். ஓட்டற விதத்துல இருக்குது."

"அப்ப நாளைக்கு நீங்களே சேவூருக்கு ஓட்டிக் காட்டீருங்க. நானும் வாரேன். பாத்துப்போட்டா அப்பறம் அம்மிணி உங்களக் கேக்காது பாருங்க."

அவர் இதை அப்பாவியாகச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியாது. குமாரவேலின் முகம் அப்படி. சாந்தாமணி காலி டம்ளரை எடுத்தாள்.

"லைட்டு வரலீன்னா நான் சாவியக் கேக்கலீங்க. காட்டையும் குத்தகைக்கு உட்டுப்போடறேன். வந்துச்சுன்னா சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

"வராது."

"வந்துச்சுன்னா?"

"அதான் வராதுங்கறேனே. சரி, வெச்சுக்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். திருமூர்த்தி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஸ்கேனரில் லைட்டை அழித்தார். குமாரவேல் முன்னால், சாந்தாமணி பின்னால். பூண்டி வரை கிளச்சை எப்படி விட வேண்டும், ஆக்ஸிலேட்டரை எப்படித் தடவ வேண்டும் என்று குமாரவேலுக்கு வகுப்பு நடந்தது. குமாரவேல் முப்பது வருஷமாக லாரி ஓட்டியவர். "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டார்.

பூண்டி தாண்டி ரோடு விரிந்தது. நாலாவது கியர் போட்டு அமுத்தினார். லைட் வந்தது.

திருமூர்த்தி மெதுவாக மூன்றாவது கியருக்கு இறக்கினார், தவறிப்போய் ஒருவர் காலை மிதித்தவர் காலை எடுப்பதுபோல. லைட் அணையவில்லை.

"நேத்தைக்குச் சரியா அழியாம இருந்திருக்கும்" என்றார்.

"இன்னிக்குக் காத்தால அழிச்சீங்களேங்க மாப்ள" என்றார் குமாரவேல்.

மூன்றாவது கியரிலேயே போனார். பின்னால் வந்த கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, முந்திக்கொண்டு போனது. அதன் ஜன்னல்களில் பெண்கள் வரிசையாக இவரைப் பார்த்தார்கள். மேட்டில் ஏறும்போது பின்னால் கறுப்பாகப் புகை தள்ளியது. வண்டி முக்கி முனகியது. சாந்தாமணி மணியைப் பார்த்தாள், ஆறரை.

"ஏனுங்க, அந்த ஒர்க்‌ஷாப்புல ஓரங்கட்டுங்க."

"இவனுகளுக்கு என்ன தெரியும்?"

"வண்டி நிக்கப்போகுதுங்க."

வண்டி அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலிலேயே திணறி நின்றது. தகரக் கொட்டகை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தொழில் செய்கிற பாண்டித்துரை வாயில் பிரஷ்ஷுடன் நின்றான். முப்பது வயதுக்காரன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"என்னண்ணாச்சி, புகையாத் தள்ளுது?"

"சென்சார் பிராப்ளம். புதுசு போட்டாச்சு. நீ ஒயரிங் மட்டும் பாரு, போதும்."

"வண்டிய கடைசியா யாரு தொறந்தது?"

திருமூர்த்தி ரோட்டைப் பார்த்தார். "நாந்தான். ஃபில்டர் மாத்துனேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"லைட்டு எப்பத்துல இருந்து வருது?"

"அதுக்கு மக்யா நாளு திங்கக்கெழமைல இருந்து வருதுங்க தம்பி" என்றாள் சாந்தாமணி.

"அப்பம் ஒயரிங்குட்ட எதுக்குப் போவணும்? அண்ணாச்சி கை வச்ச எடத்தயே பாப்போம்."

பானெட்டைத் தூக்கினான். கிளிப்பைத் தளர்த்திப் பைப்பைக் கழற்றினான். இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தான். துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கரியும் தூசியும் ஏறிய டைனோசர்கள் ஒன்றின்பின் ஒன்றாக வெளியே வந்தன. குமாரவேல் இருமிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார்.

"வளவுல சிக்கிக் கெடந்ததால பொழச்சிய. இன்னும் உள்ள இழுத்திருந்தா டர்போ போயிருக்கும்." பாண்டித்துரை துணியைத் தரையில் போட்டான். "காத்து கம்மியா வருதுன்னு சென்சார் சரியாத்தான் சொல்லிருக்கு அண்ணாச்சி. உண்மையச் சொன்னவன நீங்க தூக்கி எறிஞ்சிட்டிய."

"துணி வெச்சது தப்பில்ல தம்பி. தெறந்த வாயில பஞ்சு போகப்படாது. அது முறை."

"வைக்கது தப்புன்னு நான் சொல்லலியே."

பைப்பை மாட்டிப் பானெட்டை இறக்கினான். தன் ஸ்கேனரில் லைட்டை அழித்தான். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை ஏற்றிப் பார்த்தான். எஞ்சின் பல வாரத்துக்குப் பிறகு மூச்சு விட்டது. சீட்டிலிருந்து அவன் இறங்கியதும், அதே கதவு வழியாகச் சாந்தாமணி ஏறி உட்கார்ந்தாள். ஃபோன் அடித்தது. குப்பாயி.

"ஏஞ்சாமி, வாரீங்களா, நாங்க அக்கட்டால பக்கத்துக் காட்டுக்குப் போகட்டுமா?"

"வந்துட்டனுங்கக்கா. பந்தலுக்குள்ள எறங்கீருங்க. கால் மணி நேரத்துல நான் அங்க."

குமாரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். திருமூர்த்தி பாண்டித்துரையிடம் கிளிப்பை எத்தனை சுற்று இறுக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஏறுறீங்களா?"

"இரு. பானெட்டத் தூக்கு. கிளிப்ப நான் ஒருக்காப் பாத்துப்போட்டு..."

அவர் கை பானெட்டுக்கு நீண்டது. சாந்தாமணி வண்டியை நகர்த்தினாள். அவசரமில்லாமல், இண்டிகேட்டர் போட்டு, வலப்பக்கம் திரும்பிப் பார்த்து ரோட்டில் ஏறினாள். அவிநாசிக்கு முன்னால் நாலு போட்டாள். பிறகு ஐந்து. மீட்டரில் ஒன்றும் எரியவில்லை. குப்பாயி முதல் டிரேயை நிரப்புவதற்குள் காட்டில் இருந்தாள்.

திருமூர்த்தி பஸ்ஸில் திருப்பூர் திரும்பினார். யூனிட்டில் யாரோ வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். "ஏர் லைன்ல ஒரு சின்ன அடைப்பு. கூட நின்னு எடுக்க வெச்சேன். இவனுகளுக்குப் பக்கத்துல நின்னு சொல்லோணும்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. மத்தியானத்துக்குள் அதை அவரே நம்பிவிட்டார்.

சாயங்காலம் சாந்தாமணி வந்து முகம் கழுவி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவர் பேப்பரை இறக்கினார்.

"ஞாயித்துக்கெழம சாவியச் சித்தக் குடு."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகலை. அந்தப் பையன் கிளிப்ப ஒழுங்காப் போட்டானான்னு..."

"எங்காச்சும் போறதுன்னாச் சொல்லுங்க" என்றாள் சாந்தாமணி. "நான் கொண்டு போயி உடறேன்."