நாவல் மரத்தடி மண்

பொன்மணி கை பட்ட கன்று சாகாது என்று ராஜபாளையத்து மாங்கன்றுக்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சும்மா சொல்லவில்லை. ஒட்டுக் கட்டுகிற கத்தியை வெந்நீரில் அலசாமல் அவள் தொடமாட்டாள். கன்று நிற்கிற பையில் மண்மீது வெள்ளையாக ஒரு பூசணம் தலைகாட்டினால் போதும், அன்றைக்கே பூசண மருந்தைத் தண்ணீரில் கலக்கி அத்தனை பைக்கும் ஊற்றிவிடுவாள். மாங்கன்றுக்கு அது சரிதான். அந்தக் கையோடு அவள் காட்டு மரம் வளர்க்கப் போனதில்தான் வந்தது வினை.

அய்யனார் கோவில் போகிற சாலையில், மலையடிவாரத்தில், மில் முதலாளி நவநீதகிருஷ்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தைலமரம் வெட்டி ஓய்ந்த மண். அதில் பழையபடி காடு வளர்க்க அவருக்கு ஆசை. இந்த மனுஷருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஊர் கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொன்மணியைக் கூப்பிட்டு நாற்றங்காலை ஒப்படைத்தார். வேங்கை, மருது, இலுப்பை என்று விதை பொறுக்கி அவள் கன்றாக்கினாள். பையில் உரமும் தினத் தண்ணீரும் கிடைத்தவரை தளதளவென்று நின்றன. நிலத்தில் வைத்ததும், மழை பெய்தும், கருகிப் போயின. போன வருஷத்துக் கதை இது.

"இந்த வருசமும் காஞ்சா மாந்தோப்புதான் பொன்மணி. பொறவு எங்கிட்ட காடுன்னு யாரும் பேசப்பிடாது" என்றார் அவர். சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆள்.

இந்த ஐப்பசியில் நடவுக்கு முந்தின நாள் எட்வின் வந்தான். கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் மண்ணை ஆராய்ச்சி செய்கிறவன். போன வாரம் வாங்கிப் போன வேர்களை அங்கே சாயம் ஏற்றிப் பார்த்திருந்தான்.

"அக்கா, வேர்ல பூஞ்சையே இல்லியே."

பொன்மணிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் வளத்த கன்னுல எப்பிடித் தம்பி இருக்கும்?"

எட்வின் முகம் சுருங்கியது. "இருக்கணும் அக்கா. காட்டு மரத்து வேருக்குள்ள ஒரு பூஞ்சை குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மரம் அதுக்குச் சர்க்கரை குடுக்கும். அது நூலு நூலா மண்ணுல பரவி, வேருக்கு எட்டாத எடத்துல இருந்து தண்ணியும் சத்தும் கொண்டாந்து குடுக்கும். அது இல்லன்னா இந்த மாதிரி செத்த மண்ணுல கன்னு பிடிக்கது கஷ்டம்."

பொன்மணி மருந்து டப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பூசண மருந்து ஊத்துனா அது செத்துருமா?"

"செத்துரும். அதை யாரு ஊத்தப்போறா? விடுங்க, நெலத்துல நாவல் மரம் நிக்குத மூலைல தைலமரம் வைக்கல. அந்த மண்ணுல பூஞ்சை இன்னும் இருக்கு. நாளைக்குக் குழிக்கு ஒரு கை போட்டு நடுவோம்."

தான் மருந்து ஊற்றியதை அவள் மறைத்துவிட்டாள். அன்றிரவு அவளுக்கு ஒரே நினைப்பு, இரண்டு வருஷமாகத் தன் கையாலேயே கொன்றிருக்கிறோம் என்று. சொன்னால் வேலை போகும். ஆனால் சொல்ல வேண்டிய அவசியம்தான் என்ன? மண்ணைப் போட்டு நட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

காலையில் போனால், எட்வின் இன்னும் வந்து சேரவில்லை. ஜேசிபி நாவல் மரத்து மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நடவு நிலம் என்றால் தரை துடைத்த மாதிரி இருக்க வேண்டும் என்பது மாந்தோப்புக்காரர்கள் வழக்கம். நவநீதகிருஷ்ணனும் அந்த வழிதான். புதரையும் மேல்மண்ணையும் வழித்து ஓடையில் தள்ளச் சொல்லியிருந்தார். பொன்மணி ஓடினாள். ஜேசிபியின் வாளி தரையில் இறங்கிப் பல் பதிந்துவிட்டது. புதர் வேரோடு பெயர்ந்து வந்தது.

"தம்பி, நிப்பாட்டுப்பா!" என்று வாளிக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் பதறி வண்டியை அணைத்தான்.

நவநீதகிருஷ்ணன் வேகமாக வந்தார். "ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"இந்த மண்ணு வேணும் மொதலாளி. குழிக்குப் போடணும்னு எட்வின் தம்பி சொல்லுச்சு."

"இதே மண்ணத்தான வண்டி வண்டியா அள்ளிப் பையில போட்டோம்? அதுல இருக்கது போதாதா? தள்ளு அங்கிட்டு."

டிரைவர் சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது. ஜேசிபி இரண்டு தடவை வழித்தால் மரத்தடி மொட்டையாகிவிடும். பொன்மணி நகரவில்லை.

"பையில இருந்தத நான் கொன்னுட்டேன் மொதலாளி."

"என்னத்தக் கொன்ன?"

"பூசணம் வந்துரும்னு மருந்து ஊத்துனேன். நல்ல பூசணமும் சேந்து செத்துப்போச்சு."

"எம்புட்டுப் பைக்கு?"

"அம்புட்டுக்கும்."

"போன வருசமும் ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

அவர் டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டி பின்னால் நகர்ந்தது.

"இன்னைக்கு நட்டு முடிச்சிட்டுப் போ. நாளையிலருந்து வராத" என்றார்.

அவள் தலையாட்டினாள். எட்வின் வந்ததும் நாவல் மரத்தடியில் பக்குவமாகத் தோண்டிக் கூடையில் சுமந்தார்கள். அவள் தன் கையாலேயே குழிக்கு ஒரு கை போட்டாள், யாரையும் தொடவிடவில்லை. பொழுது சாயும்போது அவர் கார் பக்கத்தில் வந்து நின்றது.

"பிடிக்குமா?"

"பிடிக்கும் மொதலாளி."

"போன வருசமும் இதத்தான் சொன்ன."

கார் கண்ணாடி ஏறிவிட்டது.

மறுபடி மாங்கன்று ஒட்டுக் கட்டப் போனாள். மழையும் கோடையும் கழிந்தன. மலைப் பக்கம் போகிற பஸ்ஸைக்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனியில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"பாதிக்கு மேல நிக்கு பொன்மணி. துளிர் விட்டிருக்கு" என்றார் நவநீதகிருஷ்ணன். வேலைக்கு வா என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

போனை வைத்ததும் கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூட வேலை பார்த்த பெண்கள், யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி ஓடிவந்தார்கள்.

"ஒண்ணும் ஆகல" என்றாள் பொன்மணி. "உசுரோட இருக்காம்."