சினைக் கெண்டை

கடல் மீன் வாசலுக்கே வரும் ஊரில் குளத்து மீன் வளர்க்கக் கிளம்பியவர் என் அப்பா. மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து சாளையும் நெத்திலியும் வெயில் ஏறுமுன் கூடைகூடையாக வந்துகொண்டிருந்த காலம். திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சி. நான் மூன்றாம் வகுப்பு. "கடலு வத்திப் போச்சா ஓய்?" என்று அப்பாவைச் சந்தையில் கேட்காத ஆள் இல்லை. அவர் கண்டுகொள்ளவில்லை. தோப்பை ஒட்டிய எங்கள் குளத்தைத் தூர்வாரி, குழித்துறை ஆற்றில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளை மண்பானைகளில் மாட்டுவண்டி ஏற்றிக் கொண்டுவந்தார். அதுகளுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று வழியெல்லாம் பானைத் தண்ணீரைக் கையால் அலம்பிக்கொண்டே வந்தாராம். அந்தக் குஞ்சுகளைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் பெற்ற பிள்ளைகளான எங்களுக்கே பொறாமையாக இருக்கும்.

தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் தின்று மீன்கள் வளர்ந்தன. அப்பா கரையில் நின்று விசிலடித்தால் வயிறு பெருத்த கெண்டைகள் மேலே மிதந்து கிடப்பது தெரியும். கையை நீட்டினாலும் ஓடாது. "எனக்க சத்தம் அதுகளுக்குத் தெரியும்" என்பார். நீர்க்காகங்கள் கூட்டமாக வந்து இறங்கியபோதும் அவர் கல்லெடுத்து எறியவில்லை. "நல்ல குளம்னா பறவைக்குத்தாம்லா முதல்ல தெரியும்" என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். சிரித்தவர்களெல்லாம் இப்போது கரைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தனை வயிறும் சினை, ஒவ்வொன்றிலும் கைநிறைய முட்டை இருக்கும் என்று ஊரே பேசியது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையன்று அசனம் நடக்கும். சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் விருந்து அது. அந்த வருஷம் அசனத்துக்கு மீன் தன் குளத்திலிருந்துதான் என்று அப்பா போதகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். விளைச்சலில் முதலாவதைத் தேவனுக்கு முதற்பலன் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு கட்டாயம் உண்டு: வாழைக்குலையோ பலாப்பழமோ, ஆலயத்துக்குப் போகுமுன் வீட்டார் நாக்கில் படக் கூடாது. நான் ஒரே ஒரு மீனுக்காகத் தரையில் புரண்டு அழுதேன். "ஒண்ணை அறுத்துத்தான் பாப்பமே" என்று அம்மாகூடச் சொல்லிப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. அதனால் பண்டிகைக் காலை வரை அந்த மீன்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பண்டிகையன்று ஆலயத்துக்குப் பின்னால் அண்டா அண்டாவாக மீன் வந்து இறங்கியது. பெண்கள் அரிவாள்மணையோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். குளத்துக்காரர் பெண்சாதி என்பதால் முதல் மீன் அம்மா கைக்கு வந்தது. வயிற்றைக் கீறினாள். சினைக்குப் பதிலாக வெள்ளை நாடா ஒன்று மடிப்பு மடிப்பாகச் சரிந்து விழுந்து, மெல்ல நெளிந்தது. ஒருத்தி அலறியடித்து எழுந்துவிட்டாள். அம்மா அடுத்த மீனை எடுத்தாள். அதிலும் நாடா. அதற்கடுத்ததிலும் நாடா.

எனக்கு ஒரு குமட்டலும் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. யார் வீட்டு மீனுக்கு வயிற்றில் நாடா இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்பாவின் முகம் மட்டும் சாம்பல் பூத்துப்போயிருந்தது. காணிக்கையைத் தேவன் தள்ளிவிட்டார், ஆளிடம் என்ன பாவம் மறைந்திருக்கிறதோ என்று அங்கேயே ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை நல்ல மனுஷர். அப்பாவை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய், "குடலை எடுத்து எறிஞ்சிட்டு, புளியும் வத்தலும் தூக்கலாப் போட்டுக் கொதிக்க வச்சா ஆருக்குத் தெரியும் ஓய்? பெண்ணாளுக வாயத் தொறக்க மாட்டாவ" என்றார்.

அப்பா ஒரு வாழையிலைத் துண்டில் அந்த நாடாவை எடுத்து வைத்தார். ஆராதனை முடிந்து சனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் நின்றார்.

"இது எனக்க குளத்து மீனுக்க வயித்தில கெடந்த புழு. எல்லாத்திலயும் இருக்கு. தெரிஞ்சிட்டு உங்களுக்கு இலையில விளம்ப எனக்கு மனசு வரல்ல. பொறுத்துக்கிடணும்."

கடைசியில் நின்றவருக்கும் தெரியும்படி இலையை உயர்த்திப் பிடித்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மீனெல்லாம் தென்னை மூட்டில் குழிக்குள் போயிற்று. அசனம் பூசணிக்காயும் பயறுமாக ஒப்பேறியது. அப்பாவுக்கு 'புழுக்குளத்தார்' என்று ஒரு வட்டப்பெயர் மிச்சம். மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து ஒரு புழுவைக் கேட்டு வாங்கி, சாராயம் ஊற்றிய குப்பியில் போட்டுக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி அலமாரியில் எங்கள் புழு இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளைக்கார டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினார். மீன் தின்னிப் பறவைகளின் எச்சத்தில்தான் அந்தப் புழுவின் வித்து குளத்துக்கு வருகிறது. புழு ஏறிய மீன் ஆழத்துக்குப் போக முடியாமல் மேலேயே மிதக்கும். பறவைக்கு அது சுலபமான இரை. விசிலுக்கு வந்ததாக நாங்கள் நினைத்ததெல்லாம் சீக்குக்கார மீன்கள். இன்னொன்றும் சொன்னார்: குடலை நீக்கி வேகவைத்திருந்தால் மனிதருக்கு ஒன்றும் செய்திருக்காதாம். "அப்பம் அத்தனை மீனையும் வெறுதேயா குழியில போட்டீங்க?" என்று அம்மா தலையில் கைவைத்தாள். "அது இப்பம்லா தெரியுது" என்றார் அப்பா.

அதோடு விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் குளத்தை இறைத்து வற்றவைத்து, சேறு வெடிக்கக் காயப்போட்டு, சிப்பிச் சுண்ணாம்பைக் கொட்டினார். குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிப் பறவை அண்டாதபடி ஓலை தொங்கவிட்டார். மறுபடியும் குழித்துறை, மறுபடியும் பானை. ருசி பார்ப்பதுதான் கூடாது, அறுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வழியும் கண்டுபிடித்தார். அவ்வப்போது ஒரு மீனை அம்மா அறுப்பாள், அவர் வெளிச்சத்தில் பிடித்துக் குடல்வரை பார்ப்பார், பிறகு அது பூனைக்குப் போகும். பூனை தின்றது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அசனத்துக்கும் மீன் போயிற்று. சபையார் கண்முன்னால் அறுத்துத்தான் அண்டாவில் போட்டார்கள். ஒன்றிலும் புழு இல்லை. ஆனாலும் அப்பா குழம்பு வாளியோடு பந்திக்குள் நுழைந்தபோது முதலில் இருந்தவர் இலைமேல் கையை விரித்துக்கொண்டார். வயிறு சரியில்லையாம். அடுத்தவருக்கும் வயிறு சரியில்லை. மூன்றாவது இலையைத் தாண்டும்போது அப்பா தூக்கிய கரண்டியை வாளிக்குள்ளேயே போட்டுவிட்டதை நான் பார்த்தேன். அப்போது வரிசையின் கோடியிலிருந்து கோயில்பிள்ளையின் குரல் கேட்டது.

"இங்க விளம்பும் ஓய்! புழு இருந்தா நீரே சொல்லியிருப்பீருல்லா?"

பந்தியில் ஒரு சிரிப்பு ஓடியது. கைகள் இலையைவிட்டு விலகின. முதலில் வயிறு சரியில்லாதவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

குளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கடைசிப் பந்தி. போன வருஷத்திலிருந்து காத்துக் கிடந்த நான் இலையைத் தூக்கிக்கொண்டு அண்டாவிடம் ஓடினேன். அப்பா அதைச் சாய்த்துக் காட்டினார். அடியில் கொஞ்சம் குழம்புக் கசடும் ஒரு கறிவேப்பிலையும் ஒட்டியிருந்தன.

"தீந்து போச்சு மக்கா. ஒரு துண்டுகூட இல்ல, எல்லாம் தீந்து போச்சு" என்றார்.

நான் காலை உதைத்து அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்கு ஒரு துண்டு மீன் மிஞ்சாததில் ஒரு மனுஷருக்கு இத்தனை சந்தோஷமா என்று, எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வீடு வந்து சேர்ந்தும் தணியவில்லை.