சிவப்புக் குறி விழுந்த பரங்கிச் சட்டி

எங்கள் பட்டறையில் வார்த்து, எனாமல் பூசி, சூளையில் சுட்டெடுத்த இரும்புச் சட்டிகளெல்லாம் கடைசியாக கிஸ்லேன் வாசரின் மேசைக்குத்தான் வரும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒரு சுற்றுப் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுவாள். கடுகளவு கொப்புளம் இருந்தாலும் மெழுகுப் பென்சிலால் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான், சட்டி தேறாது. இருபத்தேழு வருஷமாக இதே வேலை. "புருஷனையும் கவுத்துப் பாத்துதான் கட்டியிருப்பா" என்பார்கள். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்தக் கேலிக்கு முதலில் சிரிப்பவள் அவள்தான்.

தேறாததை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதனால் எங்கள் ஊரில் மாசுமறுவற்ற சட்டி உள்ள வீடே கிடையாது. கிஸ்லேனிடம் மட்டும் பதினொன்று. மச்சக்காரன், உதடு வெடிச்சவன் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் குறையே பெயர். இலையுதிர் காலத்துக்கென்று மட்டும் பரங்கிக்காய் வடிவத்தில் வார்க்கிற சட்டி அவளிடம் இல்லை. அதற்குத்தான் அடிதடி.

நாலு வருஷத்துக்கு முன், எனாமல் தெளிக்கிற ரெஜிஸ் அவளிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரட்டுமா என்று கேட்டான்.

"குறையே இல்லாத பரங்கிச் சட்டி ஒண்ணு கொண்டா. அதுல சமைச்சுப் போடறேன்" என்றாள். தட்டிக் கழிக்கிறாள் என்றே நினைத்தோம். பரங்கிக்காயின் பள்ளங்களுக்குள் எனாமல் சரியாக இறங்காது. நாலு இலையுதிர் காலம், நாலு சிவப்புக் குறி.

இந்த அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஐந்தாவதைக் கொண்டுவந்து வைத்தான். பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த எனக்குக் கை ஓடவில்லை.

"யோவ், பள்ளத்துல என்ன பண்ணினே?"

"தூரிகையால ஒவ்வொண்ணா இழுத்தேம்மா. பல்லு விளக்கக்கூட நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டதில்ல."

"அது நீ வாயைத் திறந்தாலே தெரியுது."

பள்ளங்கள் தேறின. வயிறு, கைப்பிடி, அடிப்பாகம் எல்லாம் தேறின. ரெஜிஸ் மெல்லச் சிரிக்கத் தொடங்கினான். அவள் மூடியைத் திருப்பினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. பின்னால் போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது.

"உள்பக்கம், விளிம்புகிட்ட. கொப்புளம்."

"அங்க யாரும்மா பாப்பாங்க?"

"நான்."

குறி விழுந்தது. ரெஜிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"எங்க போறே?"

"அடுத்த வருஷத்துக்கு."

"தேறாததை வீட்டுக்கு எடுத்துக்கலாம்ல? இது எனக்கு. ஞாயித்துக்கிழமை பன்னெண்டரைக்கு வா. மாட்டுக்கறியை பீர்ல வேகவைக்கிறேன். ரொட்டி நீ வாங்கிட்டு வா."

"சட்டிதான் தேறலையே?"

"சட்டிதான் தேறல." அவள் அடுத்த சட்டியை இழுத்துக்கொண்டாள். காது மடல் பென்சில் நிறத்தில் இருந்தது. "உன்னை யாரு சொன்னா?"

பெட்டியில் தாளம் போட்டு முதலில் கூவியது நான்தான்.

திங்கட்கிழமை காப்பி இயந்திரத்தருகே ரெஜிஸை வளைத்துக்கொண்டோம். "என்னய்யா, சாப்பாடு தேறிச்சா?"

அவன் அவளைப் போலவே கண்ணை மூடி, விரலால் வயிற்றைத் தடவினான்.

"ஒரு தடவை தின்னுட்டு எப்படிச் சொல்றது? இன்னும் அஞ்சாறு ஞாயித்துக்கிழமை பாத்தாத்தான் தெரியும்."

சிவப்புப் பென்சில் ஒன்று பறந்து வந்து அவன் முதுகில் பட்டது.