சும்மா கிடந்த சர்வர்

போன வாரம் ஆபீஸில் மேனேஜர் திரையைக் காட்டி, "இந்த சர்வர் சும்மாதானே இருக்கு? பேக்கப்பையும் இதுலயே ஓட்டுங்க" என்றார். சும்மா என்ற சொல் காதில் விழுந்ததுமே மூக்கில் ஊதுபத்தி வாசனை ஏறியது. சிதம்பரம் மேல வீதியில், ஒரு மாடியில், நான் முதன்முதலாக வேலை பார்த்த பிரவுசிங் சென்டரின் வாசனை. அதன் முதலாளி எங்கள் எல்லோருக்கும் மாமா. காலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஊதுபத்தி காட்டுவார். சாம்பல் விசிறிக்குள் போகும். அதைத் துடைப்பது என் வேலை. அதற்குப் பெயர் சிஸ்டம் அட்மின்.

பையன்கள் அணி பிரிந்து சுட்டு விளையாட வருவார்கள். அத்தனை பேரின் ஆட்டத்தையும் மூலையில் சர்வராக இருந்த ஒரே மெஷின்தான் சுமந்தது. அது ஒரு நொடி திக்கினாலும் போச்சு. சுட்டவன் செத்திருப்பான், செத்தவன் சிரித்துக்கொண்டிருப்பான். அதனால் அதில் ஆன்ட்டி வைரஸை எடுத்தேன், பின்னால் வெட்டியாக ஓடியதையெல்லாம் நிறுத்தினேன், பத்துப் பேருக்கு மேல் நுழையாமல் பூட்டினேன். மாமாவுக்கோ எதிரே ஆள் உட்காராத கம்ப்யூட்டர் என்றால் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர். அதில் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுப்பார், பாட்டு ஏற்றுவார். இப்படி ஒரு ஜென்மத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைசியில் மானிட்டரையே கழற்றிப் பரணில் போட்டேன். பெரிய மூளைதான் எனக்கு.

கடலூர் பையன்கள் ஒருமுறை வந்து ஆடிவிட்டு, "தோத்தது நாங்க இல்ல, ஒங்க ஓட்ட சர்வர்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். எங்கள் அணித்தலைவன் சகாயம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி அழைத்தான். "ஒருவாட்டி நின்னாலும் கெளம்பிடுவோம் மச்சான். அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டோம்" என்றார்கள். நிற்காது என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

அன்று ஆட்டம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு அணியும் சமம். கடைசிச் சுற்றில் சகாயம் எதிரியின் முதுகுக்குப் பின்னால் வந்து மவுஸை அழுத்தினான். பத்துத் திரையும் அப்படியே நின்றன. மறுபடி ஓடியபோது சகாயம் செத்துக் கிடந்தான்.

மூலைக்கு ஓடினேன். மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் கல்யாண வீடியோ சிடியில் ஏறிக்கொண்டிருந்தது.

"சும்மாதான கெடந்துச்சு தம்பி. மானிட்டர்கூட இல்ல, பாவம். நாந்தான் பரண்லேருந்து எடுத்து மாட்னேன்."

பாவமாம்! எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆளிடம் கோபப்படுவதே கேவலம் என்றுதான் தோன்றியது.

கடலூர்க்காரர்கள் செருப்பை மாட்டினார்கள். ஒருவன் மட்டும் படியில் திரும்பி, "பொண்ணு மாப்ளய கேட்டதா சொல்லு மச்சான்" என்றான். சொன்னபடி அவர்கள் பிறகு வரவே இல்லை. மோத ஆளில்லாமல் எங்கள் பையன்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியாக நின்றவன் சகாயம்.

போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனேன். போர்டு இல்லை, மாமாவும் ஊரில் இல்லை. மாடி பூட்டியிருந்தது. இப்போதுதான் அது உண்மையிலேயே சும்மா கிடக்கிறது.