பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். ஜெர்மனியில், பிரேமன் நகரில், எங்கள் வீட்டில். நான் குடித்திருக்கவில்லை.

என் மனைவி இம்கெ போன அக்டோபரில் இறந்தாள். சைக்கிளில் போனவளை லாரி அடித்தது. வயது முப்பத்தொன்று. எங்கள் படங்கள், கடிதங்கள், குரல் பதிவுகள் எதையும் எந்த நிறுவனத்திடமும் கொடுக்க மாட்டாள். ஒரு பழைய கணினியில் கட்டற்ற மென்பொருள்களைப் போட்டு, வீட்டுக்கே ஒரு சர்வர் செய்து பின்னறையில் வைத்திருந்தாள். எங்கள் வாழ்க்கை முழுவதும் அதற்குள்தான். அணைந்து எழுந்தால் கடவுச்சொல் கேட்கும். அது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது.

"எழுதி வெச்சா அது பூட்டே இல்ல, ஆர்னெ" என்பாள்.

அதனால் ஐந்து மாதமாக அதை அணைய விடவில்லை. நகல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

9:48. அழைப்பு மணி. மின்சார நிறுவனத்து ஆள்.

"வணக்கம், ஹெர் லூர்சன். மீட்டர் மாத்தணும். கொஞ்ச நேரம் கரண்ட் இருக்காது."

"நான் வரச் சொல்லலையே?"

"தாள்ல உங்க வீடுதான் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. உங்க காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும்."

பதிலுக்குக் காத்திராமல் நிலவறைக்கு இறங்கினான். சரி, ஐந்து நிமிடம்தானே. சர்வரின் யூ.பி.எஸ். பன்னிரண்டு நிமிடம் தாங்கும். நானும் அவளும் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து அளந்தது.

9:52. கரண்ட் போனது. பீப்... பீப்...

10:01. இன்னும் வரவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு நிலவறைக்கு ஓடினேன். புது மீட்டர் பொருத்தியாகிவிட்டது. அந்த ஆள் சுவரில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுய்யா!"

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

"வேலைதான் முடிஞ்சிருச்சே?"

"தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு. எங்கிட்ட ஏன் கத்தறீங்க? ஆபீஸ்ல போய் கத்துங்க."

சுவிட்சை நோக்கிப் பாய்ந்தேன். மார்பில் கைவைத்துத் தடுத்தான். மேலே பீப் சத்தம் ஒரே இழுப்பாக நீண்டது... நின்றது.

10:04.

இரண்டு நிமிடம் கழித்து, தாளில் டிக் அடித்துவிட்டு, சுவிட்சைப் போட்டான். அவன் கழுத்தை நெரித்திருப்பேன்.

மேலே, திரையில் ஒரே வரி. கடவுச்சொல்? மூன்று முறை அடித்தேன். மூன்றும் தவறு.

"கட்டினவனையே நம்பலையே நீ!" வெற்று அறையில் கத்தினேன். செத்துப்போனதற்கும் சேர்த்துத் திட்டினேன். விசைப்பலகையை வயரோடு பிடுங்கிக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரில் எறிந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

10:21. பின்னறையில் சத்தம்.

டக் டக் டக்... டக் டக்...

யாரோ தட்டச்சு செய்கிறார்கள். வேகமாக. நடுவில் ஒரு நிறுத்தம். கடவுச்சொல் அடிக்கும்போது இம்கெ எப்போதும் அந்த இடத்தில் நிறுத்தி மூக்கை உறிஞ்சுவாள்.

உறிஞ்சும் சத்தம் கேட்டது.

விசைப்பலகை என் காலடியில் கிடந்தது.

டக்.

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரையில் வரிசையாக நட்சத்திரக் குறிகள். பிறகு...

திறந்தது.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தேன். ஆனாலும் அந்த ஆள்மேல் இருந்த கோபம் அடங்கவில்லை. அவன் நிறுவனத்துக்குக் காரமாக ஒரு புகார் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மீட்டரை மாற்றக் கேட்டு பிப்ரவரி 26 அன்று ஃபிராவ் லூர்சனிடமிருந்து, அதாவது என் மனைவியிடமிருந்து, மின்னஞ்சல் வந்ததாம். நகலை இணைத்திருந்தார்கள். அவள் முகவரிதான். எங்கள் சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லாத முகவரி.

கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது:

"மின்சாரத்தைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்கவும். என் கணவர் இறங்கி வந்து கத்துவார், காதில் வாங்க வேண்டாம்."